ஒரு கொதி

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாட்டுங்கா வீட்டு ஹாலில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் கோமதிநாயகம், கால்மேல் கால் போட்டு. அவருக்கு எதிரே சோபாவின் ஓரத்தில் நாகராஜ், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு. சமையலறை நிலையில் சாய்ந்து, உட்காரவும் இல்லாமல் உள்ளே போகவும் இல்லாமல் நாகராஜின் அம்மா மீனாட்சியம்மாள். வாசல் கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் இசக்கிதுரை. செருப்பை வெளியே விட்டுவந்தவர் அது இருக்கிறதா என்று அடிக்கொருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் நால்வருக்கும் நடுவில், சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மாரிசெல்வி.

விசாரணை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. நாற்காலிகள் கிடந்த கிடப்பே சொல்லிற்று.

இதுவரை நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மாரிசெல்வி பதினோரு வருடமாகச் செம்பூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வினையூக்கிகள் செய்கிறவள். தான் செலவாகாமல் அடுத்ததை மாற்றிவிடும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். பிளாட்டினம் கலக்காமல், செம்பையும் சீரியம் என்ற உலோகத்தையும் நானோ அளவில் இணைத்து அவள் ஒரு பொடி செய்தாள். புகையில் வாசனையில்லாமல் ஒளிந்திருக்கும் கார்பன் மோனாக்சைடை அந்தப் பொடி நூற்றிருபது டிகிரியிலேயே எரித்துவிடும். கட்டுரை வெளியானது. முதல் பெயர் அவளுடையது. கடைசிப் பெயர் துறைத் தலைவர் கோமதிநாயகத்துடையது. நான்கு வருடம் எல்லோரும் கை குலுக்கினார்கள்.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம். நீங்கள் எழுதியபடி செய்தோம், வரவில்லை என்று. நான்கு பேராசிரியர்கள் கொண்ட கமிட்டி அமைந்தது. மாரிசெல்வி ஆய்வு மேஜையைத் தொடக் கூடாது, சோதனையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று உத்தரவு. அவளுடைய நோட்டின்படி ஜூனியர் அஃப்ஷா ஏழு முறை செய்தாள். ஏழு முறையும் இருநூற்றெழுபது டிகிரிக்குக் கீழே அந்தப் பொடி அசையவில்லை.

இதில் இன்னொரு முடிச்சு. கோமதிநாயகம் நாகராஜின் பெரியப்பா. மாணவியாக வந்த மாரிசெல்வியைத் தம்பி மகனுக்குப் பேசி முடித்தவரும் அவர்தான். இப்போது, அவள் கையெழுத்துப் போடவேண்டிய கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவரும் அவர்தான்.

பேச்சு தொடங்கவில்லை. காற்று இறுகிப்போனதைத் தாங்காமல் நாகராஜ் டீப்பாய் மேலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான்.

"பெரியப்பா, சங்கரன்கோயில்ல இருந்து வந்திருக்கு. முகூர்த்தம் எத்தனை மணின்னு பாருங்க. ஃப்ளைட்டா ட்ரெயினான்னு முடிவு பண்ணணும்."

கோமதிநாயகம் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துட்டு வரலப்பா."

அவர் சொல்லி முடிக்குமுன் மீனாட்சியம்மாள் விறுவிறுவென்று வந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். "ஏழரைலேருந்து ஒன்பதுக்குள்ள. அத்தானை ஏன்டா தொந்தரவு பண்ற?"

"சரி, விஷயத்துக்கு வருவோம்," என்று கோமதிநாயகம் கோட்டின் உள்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பக்க ஆங்கிலக் கடிதத்தைப் பிரித்தார். "இதுல கிரிமினல் ஒண்ணும் இல்ல மாரி. ஹானஸ்ட் எரர். கையெழுத்துப் போட்டு திங்கக்கிழமைக்குள்ள சேர்மனுக்குப் போயிட்டா ஃபைல் குளோஸ். உன் கான்ட்ராக்ட் ரின்யூ ஆகும். நான் பார்த்துக்கறேன்."

மாரிசெல்வி கடிதத்தை வாங்கிப் படித்தாள். 'கட்டுரையில் உள்ள அளவீடுகள் நம்பத் தகுந்தவை அல்ல. முழுப் பொறுப்பும் என்னுடையது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சம்மதிக்கிறேன்.'

"எது எரர் சார்?"

வீட்டில் 'பெரிய மாமா' என்பவள் அன்று 'சார்' என்றாள். மீனாட்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதான் வரலையேம்மா. செவன் டைம்ஸ்."

"வரலைங்கறது ரிசல்ட். நான் கேக்கறது எரர். எந்த இடத்துல, எந்த அளவுல தப்புன்னு ஒரு வரி இந்தக் கடிதத்துல இருக்கா? எதுக்குன்னு தெரியாமலே நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"மாரி," என்றான் நாகராஜ். "ஒரு கையெழுத்துதானே. விடேன்."

"கல்யாண ரிஜிஸ்டர்லயும் ஒரு கையெழுத்துதான் போட்டேன். அதையும் அப்படித்தான் விட்டுறலாமா?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். இசக்கிதுரை ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தார். தாராவியில் அவருக்குப் பழைய எண்ணெய் டின்களை நெளிவெடுத்துக் கழுவித் திரும்பவும் விற்கும் பட்டறை. அந்தச் சந்தின் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டுதான் அவள் கல்லூரிக்குப் போனாள். இந்தப் புகையை என்ன செய்யலாம் என்ற கேள்வியும் அங்கேதான் முளைத்தது.

"அண்ணாச்சி சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்லா தாயி," என்றார் இசக்கிதுரை. "போட்டுரு."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் கடைசிப் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். 'இணைப்புகள்: மூன்று.' கையில் இருந்தது கடிதம் மட்டும்.

"இணைப்பு எங்க சார்?"

"ஆபீஸ்ல இருக்கு. நோட்டு காப்பி, அஃப்ஷாவோட ரிசல்ட்ஸ், டிரான்ஸ்லேஷன். ஃபார்மாலிட்டி."

"டிரான்ஸ்லேஷனா?"

"நீதான் நோட்டுல பாதியைத் தமிழ்ல கிறுக்கி வெச்சிருக்கியே. கமிட்டில யாருக்குத் தமிழ் தெரியும்?"

அது உண்மை. பன்னிரண்டாவது வரை அவள் தமிழில் படித்தவள். ஒரு கையில் குடுவையும் மறு கையில் பேனாவுமாக நிற்கும்போது எந்த மொழி முதலில் வருகிறதோ அதில்தான் எழுதுவாள். ஆய்வு நோட்டைப் பிறகு அழகாகப் பெயர்த்து எழுதக் கூடாது. எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும். அது விதி.

மாரிசெல்வி எழுந்து கைப்பையை எடுத்தாள்.

"மூணு இணைப்பையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பேனாவைத் திறப்பேன்."

"மாரி, அத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது…" என்றாள் மீனாட்சியம்மாள்.

"நானும் இவ்வளவு தூரம் வந்திருக்கேன் அத்தை. பதினோரு வருஷம்."

*

செம்பூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். சிக்னலில் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் முகங்கள், மடியில் டிபன் பைகள். நிரந்தர வேலைக்காரர்களின் தூக்கம். நேற்றுவரை அதைப் பார்த்தால் ஒரு சின்னப் பொறாமை வரும். இன்று அதற்குக்கூட அவளுக்குள் இடமில்லை.

ஆபீசில் குமாஸ்தா ஃபைலைக் கொடுத்துவிட்டு, "இங்கயே உக்காந்து பாருங்க மேடம்," என்றார். முதல் இணைப்பு, அவள் நோட்டின் நாற்பத்தேழாம் பக்கம். தன் கையெழுத்தைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் இருந்தது.

'காரம் விட்டதும் 1 கொதி. இறக்கு. கை பொறுக்கும் சூட்டில் கழுவு.'

மூன்றாம் இணைப்பைத் திருப்பினாள். அதே மூன்று வாக்கியங்கள், ஆங்கிலத்தில். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்:

'காரம் சேர்த்து 1 மணி நேரம் கொதிக்க விடவும். பின்னர் வெப்பத்தைக் குறைக்கவும். கையால் பொறுக்கி எடுத்துச் சூடாகக் கழுவவும்.'

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு ஒரு சிரிப்பு. தலைமுடியைப் பல்லாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு இருக்கும் துகள். அதைக் கையால் பொறுக்க வேண்டுமாம், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

சிரிப்பு பாதியில் நின்றது. நான்கு பேராசிரியர்கள் இந்தத் தாளைப் படித்திருக்கிறார்கள். நால்வரில் ஒருவருக்குக்கூட, கண்ணுக்குத் தெரியாததைக் கையால் பொறுக்குவது எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. அவளைப் பொய்க்காரி என்று நம்புவது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

தாளின் அடியில் ஒரு வரி. 'தமிழிலிருந்து மொழிபெயர்த்தவர்: முனைவர் கோமதிநாயகம்.' பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்து.

தமிழ் தெரியாதவர் செய்த தவறு என்றால் மன்னிக்கலாம். வீட்டில் தமிழ் பேசுகிற, மாட்டுங்கா தமிழ் மன்றத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவராக இருக்கிற மனுஷனுக்கு ஒரு கொதி என்றால் என்னவென்று தெரியாதா?

வேண்டுமென்றே செய்திருக்கிறார். அப்போது அவள் அப்படித்தான் நினைத்தாள்.

*

அஃப்ஷா ஆய்வறையில் தனியாக இருந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி. தமிழ் எழுத்து மட்டும் அவளுக்கு வெறும் படம். ஆபீசில் எடுத்த நகல்களோடு மாரிசெல்வி உள்ளே வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அக்கா, நாம பேசக் கூடாதுன்னு…"

"பேசினோம்னு எழுதிக்கோ. நேரம் போட்டு எழுது. பன்னிரண்டு பத்து. நான் வந்தேன், என் நோட்டை வாசிச்சேன், எதையும் தொடல. எழுதியாச்சா?"

"ஆச்சு."

"இப்பக் கேளு. காரம் விட்டதும் ஒரு கொதி. இறக்கு."

அஃப்ஷா பேனாவைக் கீழே வைத்தாள். "கியா? ஏக் உபால்?"

"ஏக் உபால்."

"அக்கா, எங்க அம்மி டீ போடும்போது இதான் சொல்லுவாங்க. ஒரு கொதி வந்ததும் இறக்குடி, நின்னு வேடிக்கை பாக்காதேன்னு." அவள் மேஜையிலிருந்த ஆங்கிலத் தாளை இழுத்துப் பார்த்தாள். "தோ ஏ ஒன் அவர் கஹான் ஸே ஆயா? எங்கேருந்து வந்தது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"அந்தக் கையால பொறுக்கறது?"

"கை பொறுக்கும் சூடு. கை தாங்கற சூடு. வெதுவெதுன்னு."

அஃப்ஷா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் ட்வீஸர் வெச்சு ரெண்டு நாள் ட்ரை பண்ணினேன் அக்கா! பாகல், பைத்தியம் மாதிரி. ஃபில்டர் பேப்பர்ல கண்ணை வெச்சுக்கிட்டு."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே அஃப்ஷா."

"சார்கிட்ட கேட்டேன். ஃபாலோ த ஷீட்னு சொன்னார். அதுக்கு மேல நான் யாரு கேக்க?"

மாரிசெல்வி தரையில் மஞ்சள் கோடு போட்ட இடத்துக்கு அப்பால் போய் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். "நீ பண்ணு. நான் வாயை மட்டும்தான் திறப்பேன். எட்டாவது தடவைன்னு நம்பர் போடு."

அஃப்ஷா செம்பு உப்பையும் சீரிய உப்பையும் கரைத்தாள். வெளிறிய நீலம். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், குடுவை கலங்கிற்று. அடுப்பின் எண் ஏறியது. தன் கையால் நூறு முறை செய்ததை இன்னொருத்தி கையில் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் மாரிசெல்விக்குத் தெரிந்தது. விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன.

குடுவையின் ஓரத்தில் சின்னக் குமிழிகள். பிறகு நடுவில் ஒரு பெரிய குமிழி, அதன் பின்னால் மொத்தமும் பொங்கி ஒரு புரட்டு.

"இறக்கு!"

அஃப்ஷா இறக்கினாள்.

குடுவையில் கருப்பட்டி நிறம். கலங்கலாக, லேசாகச் செம்மை ஓடி.

அஃப்ஷா அலமாரியிலிருந்து முந்தைய ஏழு புட்டிகளில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அது அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. ஒரு மணி நேரம் கொதித்ததில் செம்பு தனியே கறுத்து உருண்டுவிட்டது. இதில் இன்னும் இரண்டும் ஒன்றை ஒன்று விடவில்லை.

"நிறத்தை நம்பாதே," என்றாள் மாரிசெல்வி. "கழுவு, காயவை, உலையில வை. திங்கக்கிழமை ரியாக்டர்ல போடு. எத்தனை டிகிரியில எரியுதுன்னு அதுதான் சொல்லணும். அதுவரைக்கும் நீயும் நானும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"ஆனா அக்கா, ஆயேகா. வரும். பாருங்க."

*

கோமதிநாயகத்தின் அறையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும்: தமிழ் மன்றம் போர்த்திய பொன்னாடையோடு ஒரு போட்டோ, வெண்கலக் குத்துவிளக்கு, தமிழ்த் தினசரி காலண்டர். மாட்டுங்காவிலிருந்து அவரும் வந்துவிட்டிருந்தார். மாரிசெல்வி கதவைச் சாத்திவிட்டு நாற்பத்தேழாம் பக்கத்தின் நகலை அவர் முன்னால் வைத்தாள்.

"படிங்க சார்."

"இதை நான் ஆல்ரெடி…"

"சத்தமா படிங்க."

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு."

அவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டே கொண்டுவந்தார். "உன் கையெழுத்து அப்படி இருக்கும்மா. யாருக்குப் புரியும்?"

அவளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. காலையில் தட்டிப் பார்த்த சட்டைப் பை. விறுவிறுவென்று வந்து பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்ட அத்தை. போன பொங்கலன்று அவர் காரின் பின்சீட்டில் கிடந்த பேச்சுத் தாள். 'அன்பார்ந்த பெரியோர்களே' என்பதிலிருந்து 'நன்றி' வரை ஒவ்வொரு சொல்லும் ஆங்கில எழுத்தில். யாரோ டைப் அடித்தது, பாவம், என்று நினைத்து அன்று மடித்து வைத்தாள்.

அவள் சுவர்க் காலண்டரைக் காட்டினாள். "அது அச்சு எழுத்து. இன்னைக்கு நல்ல நேரம்னு போட்டிருக்கற இடத்துக்குக் கீழே சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு. அதை வாசிங்க."

கோமதிநாயகம் காலண்டரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

"பேசறேன் இல்ல? கான்வென்ட்ல படிச்சவன்மா. அந்தக் காலத்துல மாட்டுங்கால எங்கப்பா…"

"அப்பக் கேளுங்க. நான் வாசிக்கறேன். காரம் விட்டதும் ஒரு கொதி. இறக்கு. கை பொறுக்கும் சூட்டில் கழுவு."

அவர் முகம் மாறியதை அவள் கண்ணால் பார்த்தாள். கண்ணுக்குப் படியாதது காதுக்கு ஒரு நொடியில் படிந்துவிட்டது.

"ஒரு கொதியா," என்றார் மெல்ல. "ஒரு கொதி…" பிறகு, தப்பிக்க வழி தேடுகிறவரைப்போல அவசரமாக, "நீ ஏன் ஒண்ணுன்னு நம்பர் போட்ட? போன்ல டிரான்ஸ்லேட் ஆப்புல காமிச்சேன். ஒன் பாயில், லோயர்னு வந்தது. ஒன்னா, லேப்ல ஒன் அவராத்தானே இருக்கும்?"

"போன்ல காமிச்சீங்க." அவள் குரல் ஏறிற்று. "கமிட்டிக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போன் சொன்னதை. என்னைக் கேட்டிருக்கலாம்."

"உன்கிட்ட பேசக் கூடாதுன்னு ரூல்."

"அத்தையைக் கேட்டிருக்கலாம். கேட் வாட்ச்மேன் நம்பிராஜனைக் கேட்டிருக்கலாம். அவரு தினமும் தமிழ்ப் பேப்பர் வாசிக்கறாரு. எனக்கு வாசிக்கத் தெரியாது, வேற ஆளைப் பாருங்கன்னு கமிட்டிகிட்ட ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்."

"அரே, மன்றத்துக்குப் பிரசிடென்ட் நான். நாலு பேர் முன்னாடி எப்படிம்மா…"

"தெரியலன்னு சொல்ல வெக்கம். என்னைப் பொய்க்காரின்னு எழுத வெக்கம் இல்ல!"

கதவுக்கு வெளியே யாரோ நடந்துபோன சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு போயிற்று.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குரல் தழைந்தது. "சரி மாரி. திரும்பச் சோதனை பண்ணச் சொல்லி நீ எழுது. நானே சப்போர்ட் பண்றேன். கையெழுத்துத் தெளிவா இல்லாததால வந்த குழப்பம்னு போடு. என் பேரு வேண்டாம். நாலு மாசத்துல ரிட்டயர் ஆறேன்."

"நோட்டுல எழுத்து தெளிவாத்தான் இருக்கு சார்," என்றாள் மாரிசெல்வி. "அப்படி எழுதினா, நான் பண்ணாத தப்புக்கு இன்னொரு தடவை கையெழுத்துப் போட்ட மாதிரி."

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

தாராவி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. மீனாட்சியம்மாள்.

"மாரி, அத்தான் போன் பண்ணினாரு. குரலே சரியில்ல. என்ன சொன்ன நீ?"

"உங்களுக்குத் தெரியுமா அத்தை? அவருக்கு வாசிக்கத் தெரியாதுன்னு?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

"நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே தெரியும்," என்றாள் மீனாட்சியம்மாள். "முப்பத்தெட்டு வருஷமா வர்ற பத்திரிகை, லெட்டர் எல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்றேன். நாகராஜுக்குக்கூடத் தெரியாது. இது வீட்டுக்குள்ள இருக்கற விஷயம் மாரி. குடும்ப மானம்."

"என் மானம் எந்தக் குடும்பத்துல சேர்த்தி அத்தை?"

மீனாட்சியம்மாள் போனை வைத்துவிட்டாள்.

*

பட்டறையில் இசக்கிதுரை மரச்சுத்தியலால் ஒரு டின்னின் நெளிவைத் தட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட இரண்டு டின்கள்மேல் பலகை ஒன்றைப் போட்டுத் துடைத்தார். மாரிசெல்வி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

கமிட்டித் தலைவர் இருப்பது புனேயில். கையெழுத்திட்ட மூலக் கடிதமும் நகல்களும் திங்கட்கிழமைக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். ஆபீஸ் வழியாக அனுப்பினால் கோமதிநாயகத்தின் மேஜையைத் தாண்ட வேண்டும். ஆகவே ஸ்பீட் போஸ்ட்.

கோபத்தில் எழுதினால் எழுத்து சாயும் என்பார்கள். அவளுக்கு நேராகவே நின்றது. முதல் பத்தியில் தன் தவறைத்தான் எழுதினாள். 'எண் போட்ட இடத்தில் அலகு போடவில்லை. ஒன்று என்று எழுதியவள், எதில் ஒன்று என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி எழுதியிருக்க வேண்டும். கட்டுரையிலும் கொதிக்கும் நேரத்தைக் குறிப்பிடவில்லை, வெளிநாட்டில் வராமல் போனது அதனாலும் இருக்கலாம். அது என் குறை.' இரண்டாவது பத்தியில் நாற்பத்தேழாம் பக்கத்தின் மூன்று வாக்கியங்களும் அவற்றின் சரியான பொருளும். மூன்றாவதில், அன்று பன்னிரண்டு பத்துக்கு அஃப்ஷாவிடம் பேசியதும், எட்டாவது சோதனை உலையில் இருப்பதும், அதன் முடிவு தனக்கும் இன்னும் தெரியாது என்பதும்.

நான்காவது பத்திக்கு வந்தபோது பேனா நின்றது. நிலையத்தின் வெளியிலிருந்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"என்னளா நிறுத்திட்ட?" என்றார் இசக்கிதுரை.

அவள் நகலை அவரிடம் நீட்டினாள். "இதை வாசிங்கப்பா."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, சாவகாசமாக, ஒரு எழுத்து தட்டாமல் வாசித்தார்.

"காரம் விட்டதும் ஒரு கொதி. இறக்கு. கை பொறுக்கும் சூட்டில் கழுவு." நிமிர்ந்தார். "இதுல என்னளா வெளங்காமக் கெடக்கு?"

"இதுதான் பெரிய மாமாவுக்கு வாசிக்கத் தெரியலப்பா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிக் கொடுத்துட்டாரு. அதனாலதான் நான் பொய் சொன்னேன்னு ஆச்சு."

இசக்கிதுரை தாளை இன்னொரு தடவை பார்த்தார்.

"இதுக்கா ஒன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாவ? இதுக்கா நானும் அந்த ஸ்டூல்ல உக்காந்து தலையாட்டுனேன்?"

மாரிசெல்வி குனிந்து நான்காவது பத்தியை எழுதினாள். 'மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.' ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள்.

இசக்கிதுரை பழுப்பு உறையை வாங்கி, கடிதத்தையும் நகல்களையும் உள்ளே செருகி, ஓரத்தில் பசை தடவினார். பிறகு டின் மூடியை அழுத்துகிற அதே கட்டைவிரலால், காற்றுப் போகாதபடி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தினார்.

"வா. நானும் வாரேன்."

தபால் நிலையத்தில் கவுன்ட்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. முன்னால் மூன்று பேர். அவள் முறை வந்து, உறை எடை பார்க்கும் தட்டில் ஏறியபோது போன் அடித்தது. நாகராஜ்.

"மாரி, எங்க இருக்க? பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கார். அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எனக்கு… எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நீ சொல்றதுதான் நியாயம். ஆனா அந்த ஒரு வரி, அவருக்கு வாசிக்கத் தெரியாதுங்கற வரி, அதை மட்டும் எடுத்துட முடியுமா?"

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல. அவர் ஒண்ணுமே பேசல. வந்ததுலேருந்து பிரம்பு நாற்காலிப் பக்கமே போகல மாரி. வாசல்ல அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கார்."

மாரிசெல்வி கண்ணை மூடித் திறந்தாள். கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த பெண் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், டால் தூம்?" என்றாள். போட்டுவிடவா?

பக்கத்தில் இசக்கிதுரை நின்றார். காலையில் சொன்னதே ஒரு ஆயுளுக்குப் போதும் என்பதுபோல உதட்டை இறுக்கியிருந்தார்.

அவள் தலையை அசைத்தாள். முத்திரை ஒரு முறை பலமாக விழுந்தது. உறை பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்த சாக்குப் பைக்குள் போயிற்று.

"மாரி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள் மாரிசெல்வி. "போட்டாச்சு."